மாறாத விவரிப்பும் மாறிய மதிப்பும்: தி க்யூர் குழுவின் "டிஸின்டெக்ரேஷன்" (1989) பெற்ற விமர்சனங்கள்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

சோகமான ஓர் இசைத்தொகுப்பைப் பற்றி எழுதும் விமர்சகருக்கு ஒரு சங்கடம் உண்டு. "கேட்டதும் மனம் கனத்துவிட்டது" என்று அவர் எழுதினால் அது பாராட்டா, புகாரா என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. அடுத்து அவர் போடும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேய ராக் குழுவான தி க்யூர் 1989 மே 2 அன்று வெளியிட்ட "டிஸின்டெக்ரேஷன்", இந்தச் சங்கடத்தை முப்பத்தைந்து ஆண்டுகளாக விமர்சகர்களுக்குக் கொடுத்துவருகிறது. அது குழுவின் எட்டாவது ஆல்பம். வெளிவந்தபோது கலவையான மதிப்புரைகளே கிடைத்தன. இன்று ஆல்டர்நேட்டிவ் ராக் இசையின் சிறந்த ஆல்பங்களைப் பட்டியலிடும் எவரும் அதைத் தவிர்ப்பதில்லை.

இத்தகைய ஏற்றத்தை விளக்க வழக்கமாக ஒரு கதை சொல்லப்படும். அன்று அதை யாரும் புரிந்துகொள்ளவில்லை, காலம் கனிந்து கண்கள் திறந்தன என்பது அந்தக் கதை. இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. 1989இல் எழுதியவர்கள் கேட்டதை, பின்னால் வந்தவர்களும் அப்படியே கேட்டார்கள். நீளம், மந்த கதி, தன் துயரத்திலேயே மூழ்கிக் கிடக்கும் குரல், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை விலகாத ஒரே மனநிலை என்ற நான்கு பண்புகளும் இரு தரப்பு எழுத்திலும் வருகின்றன. விவரிப்பில் மாற்றம் இல்லை, மதிப்பீடுதான் புரண்டது. அது எப்படிப் புரண்டது, யாரால் புரண்டது என்பதே இங்கே கேள்வி.

அச்சில் வந்த மதிப்புரைகள், விற்பனைப் பட்டியல்கள், இதழ்கள் வெளியிட்ட தரவரிசைகள், மறுவெளியீடுகள் ஆகியவையே இங்கு எடுத்துக்கொண்ட சான்றுகள். ரசிகர்களின் தனிப்பட்ட நினைவுகளைச் சேர்க்கவில்லை. இந்தக் குழுவின் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் விடிந்துவிடும்.

2. பின்புலம்

2.1 இரண்டு முகங்கள்

தி க்யூர், லண்டனுக்குத் தெற்கே சசெக்ஸ் பகுதியில் உள்ள க்ராலி என்ற சிறு நகரில் உருவான குழு. பாடகரும் கிட்டார் கலைஞருமான ராபர்ட் ஸ்மித்தைச் சுற்றியே அது எப்போதும் இயங்கியது. 1980இன் "செவன்டீன் செகண்ட்ஸ்", 1981இன் "ஃபெய்த்", 1982இன் "போர்னோகிராஃபி" ஆகிய மூன்றும் ஒன்றைவிட ஒன்று இருண்டவை. மூன்றாவதுக்குக் கிடைத்த மதிப்புரைகள் கசப்பானவை, குழுவும் அதோடு கிட்டத்தட்ட உடைந்துபோனது. அதன்பின் ஸ்மித் ஒரேயடியாகத் திரும்பி, 1983இல் "தி லவ்கேட்ஸ்" போன்ற துள்ளலான பாப் பாடல்களைத் தந்தார். 1987இல் வந்த "கிஸ் மீ, கிஸ் மீ, கிஸ் மீ" என்ற இரட்டை ஆல்பம் அமெரிக்காவிலும் குழுவுக்கு வாசல் திறந்துவிட்டது. அதிலிருந்த "ஜஸ்ட் லைக் ஹெவன்" அந்நாட்டின் முதல் நாற்பது பாடல்களுக்குள் எட்டிப் பார்த்தது.

ஆக, 1989இல் மதிப்புரை எழுத உட்கார்ந்தவரின் கையில் இரண்டு அளவுகோல்கள் இருந்தன. இருண்ட ஸ்மித்தை நினைத்துக்கொண்டு கேட்டவருக்குப் புதிய ஆல்பம் பழைய இடத்துக்குத் திரும்பியதாகத் தெரிந்தது. பாப் ஸ்மித்தை எதிர்பார்த்தவருக்கு அது வேண்டுமென்றே முகம் திருப்பிக்கொண்டதாகத் தெரிந்தது. இரண்டுமே ஆல்பத்தை வேறொன்றோடு ஒப்பிட்டுப் பெற்ற தீர்ப்புகள்.

2.2 முப்பது வயது

ஸ்மித் பிறந்தது 1959 ஏப்ரல் 21. ஆல்பம் வெளிவருவதற்குப் பதினொரு நாள் முன்பு அவருக்கு முப்பது முடிந்தது. ராக் இசையின் பெரிய சாதனைகளை எல்லாம் அதன் கலைஞர்கள் முப்பதுக்குள் செய்து முடித்துவிட்டார்கள், தனக்கு நேரம் கடந்துகொண்டிருக்கிறது என்ற நடுக்கத்தில் இருந்ததாக அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். பாடல்களைத் தனியாக எழுதத் தொடங்கியபோது, குழுவினர் ஏற்காவிட்டால் தன் பெயரிலேயே வெளியிட்டுவிடலாம் என்றும் எண்ணியிருந்தார். ஒலிப்பதிவு ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு பழைய மாளிகையில் இருந்த ஸ்டூடியோவில், டேவிட் ஆலனின் கூட்டுத் தயாரிப்பில் நடந்தது. அந்த நாள்களில் ஸ்மித் எவரிடமும் அதிகம் பேசவில்லை.

தொடக்கம் முதல் உடனிருந்த லால் டோல்ஹர்ஸ்ட் அப்போது மதுவில் மூழ்கியிருந்தார். ஆல்பம் வெளிவரும் முன்பே அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். உறையில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் வாசித்த கருவி அச்சாகியிருக்க, டோல்ஹர்ஸ்ட் பெயருக்கு எதிரே "பிற கருவி" என்று மட்டும் இருக்கும். சிதைவு என்று பொருள்படும் தலைப்பின் கீழ் அப்படி ஒரு வரி அச்சானதைப் பார்த்தவர்கள், குழுவே கலையப்போகிறது என்று ஊகித்ததில் வியப்பில்லை.

3. ஒலியமைப்பு

விமர்சகர்கள் எதைக் கேட்டார்கள் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் பாட்டு "ப்ளெய்ன்சாங்". காற்றில் ஆடும் மணிச்சரத்தின் சத்தம் தூரத்தில் மெல்லக் கேட்கும். சத்தம் போதவில்லையோ என்று நினைத்து நாம் கூட்டிவைப்போம். அந்த நேரம் பார்த்து கீபோர்டும் டிரம்ஸும் மொத்தமாக வந்து விழும். அதன்பின் அந்த இசை எங்கும் போவதில்லை. நாலைந்து சுரங்கள் அகலமாக இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். ஸ்மித்தின் குரல் வந்து சேர இரண்டு நிமிடங்களுக்கும் மேல் ஆகிறது. வந்தபின்னும் அது ரிவெர்ப் எதிரொலிக்குள் பாதி மறைந்தே கிடக்கிறது. அடுத்த பாட்டு "பிக்சர்ஸ் ஆஃப் யூ"விலும் குரலுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். "ஃபேசினேஷன் ஸ்ட்ரீட்" இன்னும் கூடுதலாகக் காக்கவைக்கும். அதில் குழுவின் பேஸ் கலைஞர் சைமன் கேலப்பின் கிட்டார்தான் முதலில் நடக்கத் தொடங்கும், மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து சேரும்.

வானொலிக்காக எழுதும் எவரும் இப்படி எழுதமாட்டார்கள். பாப் பாட்டின் முன்னிசை பாடகருக்கு வழிவிட்டு ஒதுங்கும். இங்கே முன்னிசை தானே பாட்டாக இருந்து, பாடகர் கடைசியில் வந்து சேர்ந்துகொள்கிறார். மெட்டைச் சுமப்பது பெரும்பாலும் குரல் கிடையாது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஆறு தந்தி பேஸ் கிட்டார் அதைச் சுமக்கிறது. சாதாரண கிட்டாரைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் கருவி அது. கனத்த தொண்டையில் யாரோ முனகுவது போன்ற அந்தச் சத்தம்தான் ஆல்பத்தின் அடையாளம் என்பது என் எண்ணம். பலர் அதைச் சாதாரண கிட்டார் என்றே நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. எல்பி தட்டில் 10 பாடல்களே இடம்பெற்றன. குறுந்தகட்டிலும் கேசட்டிலும் "லாஸ்ட் டான்ஸ்", "ஹோம்சிக்" ஆகியவை சேர்ந்து 12 ஆயின. குறுந்தகட்டின் மொத்த நேரம் ஏறக்குறைய 72 நிமிடம், அன்றைய தகட்டின் கொள்ளளவில் கிட்டத்தட்ட முழுவதும். "தி சேம் டீப் வாட்டர் ஆஸ் யூ" மட்டுமே ஒன்பது நிமிடத்தைத் தாண்டுகிறது, மழையும் இடியும் பின்னணியில் ஓய்வதில்லை. எனவே ஒரே ஆல்பத்தைப் பற்றி எழுதியவர்களில் தட்டைக் கேட்டவரும் தகட்டைக் கேட்டவரும் கேட்ட நீளம் ஒன்றாக இருந்திருக்காது. உறையில் இன்னொரு குறிப்பும் உண்டு: இந்த இசை உரக்க ஒலிப்பதற்காகவே கலக்கப்பட்டது, சத்தத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்ற பொருளில். தாழ்ந்த குரலில் அழும் ஆல்பத்துக்கு இப்படி ஓர் அறிவிப்பு எதற்கு? இந்த முரணைக் கண்டு எழுதிய விமர்சகர் ஒருவர் உண்டு. கீழே 4.3இல் அவரிடம் வருவோம்.

4. 1989: மதிப்புரைகள்

4.1 பிரிட்டன்

அந்த ஆண்டு பிரிட்டனின் இசை இதழ்கள் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தன. மான்செஸ்டர் நகரத்திலிருந்து தி ஸ்டோன் ரோஸஸ் குழுவின் முதல் ஆல்பம் அதே மே மாதம் வந்தது. ஆசிட் ஹவுஸ் நடன இசை இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகக் கிடங்குகளுக்கும் வயல்வெளிகளுக்கும் இழுத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் சேர்ந்து ஆடுவதே புதுமை என்று இதழ்கள் எழுதிவந்த பருவத்தில், கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் அழுதால் அது சென்ற காலத்தின் பழக்கமாகத்தான் தெரியும். "மெலடி மேக்கர்" மதிப்புரையாளர், ஒரு கையையோ காலையோ இழப்பதில் எவ்வளவு ஆனந்தமோ அவ்வளவுதான் இதிலும் என்ற ரீதியில் கிண்டலடித்தார். "என்.எம்.ஈ." பாராட்டியே எழுதியது. ஆகவே பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஒன்று சேர்ந்து ஆல்பத்தை வீழ்த்தப் பார்த்தன என்று சொல்ல இடமில்லை. பாராட்டியவரும் கிண்டலடித்தவரும் ஒரே துயரத்தின் அடர்த்தியைத்தான் சுட்டினார்கள்.

4.2 "ரோலிங் ஸ்டோன்"

அமெரிக்காவில் "ரோலிங் ஸ்டோன்" இதழுக்கு எழுதிய மைக்கேல் அசெராட் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். தலைப்பு சிதைவைச் சொன்னாலும் ஆல்பம் ஒன்றாகவே இறுகி நிற்கிறது என்றார். தன்னிலேயே தோய்ந்த ஒரு சோர்வை உண்டாக்கிக் கடைசிவரை காப்பாற்றுகிறது என்றும், குழு கலைவதானால் இது தகுந்த நிறைவுரையாக இருக்கும் என்றும் எழுதினார். பின்னாளில் இந்த ஆல்பத்தைப் புகழ்ந்த எவரும் இதைவிடப் புதிதாக என்ன சொல்லிவிட்டார்கள்? ஒருமை, நீடிக்கும் மனநிலை, முழுமை என்று எல்லாம் இதில் இருக்கின்றன. இதே வாக்கியங்களை 2010இல் ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே அச்சிட்டிருந்தாலும் யாரும் வித்தியாசம் கண்டிருக்கமாட்டார்கள்.

அந்த மூன்றரையை, "நன்றாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் இந்த வகையில் இதற்குமேல் போக முடியாது" என்று ஒரு வகைமைக்கு இட்ட உச்சவரம்பாகவே நான் படிக்கிறேன்.

4.3 ராபர்ட் கிறிஸ்ட்காவ்

நியூயார்க்கின் "வில்லேஜ் வாய்ஸ்" இதழில், பள்ளி ஆசிரியர் போல எழுத்துத் தரம் போட்டுவந்தவர் ராபர்ட் கிறிஸ்ட்காவ். அமெரிக்க ராக் விமர்சகர்களில் மூத்தவர், சுருக்கமாகவும் முள்ளாகவும் எழுதுபவர். அவர் கொடுத்த தரம் சி பிளஸ். பிரபலமானவற்றில் மிகக் குறைந்த மதிப்பெண் இதுவே, ரசிகர்கள் இன்றும் மன்னிக்காததும் இதுவே.

ஆனால் 1989இல் வந்தவற்றில் கூர்மையான மதிப்புரையும் அதுதான் என்பேன். அவர் கண்டது இது: பெரிய அரங்கங்களை நிரப்பக் கணக்குப் போட்டுச் செய்த ஆல்பம், சலிப்பூட்டும் நடுத்தர வேகக் கீபோர்டுப் பாட்டுகள். உரக்கக் கேட்கச் சொல்லும் உறைக் குறிப்பையும் அவர் குத்திக்காட்டத் தவறவில்லை. அதோடு நின்றிருந்தால் இன்னொரு வசை என்று விட்டிருக்கலாம். அவர் ஒரு படி மேலே போகிறார். ஸ்மித் புலம்புவது பிரிந்துபோன காதலியிடம் என்று தோன்றும், உண்மையில் அவரை ஆட்டிப்படைக்கும் காதலி அவருடைய ரசிகர் கூட்டம்தான் என்கிறார். அந்தக் கூட்டம் அவரால் புரிந்துகொள்ளவோ கட்டுப்படுத்தவோ முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது, அதனால்தான் கோத் எனப்படும் இருண்ட இசைவகையின் இந்தப் பழகிப்போன சோகங்கள் இவ்வளவு பிரம்மாண்டமாக ஒலிக்கின்றன என்பது அவர் வாதம்.

குழுவின் வரலாறு தெரிந்தவருக்கு இது எவ்வளவு சரி என்று புரியும். பாப் வெற்றியிலிருந்து தப்பிக்க நினைத்தவர் எழுதிய ஆல்பம், அவரை அமெரிக்காவின் விளையாட்டு மைதானங்களுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. விமானத்துக்கு அஞ்சும் ஸ்மித் அந்தச் சுற்றுப்பயணத்துக்குக் கப்பலில் அட்லாண்டிக் கடந்தார். போய் நின்ற இடங்களில் ஒன்று லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் பேஸ்பால் மைதானம். அந்தரங்கமான ஒன்றை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து கேட்கும் அந்த விசித்திரத்தை ஆல்பத்தின் ஒலியளவிலேயே கண்டுபிடித்தவர் கிறிஸ்ட்காவ் ஒருவர்தான். அவர் அதைக் குறையாகக் கண்டார். எனக்கு அதுதான் ஆல்பத்தின் மையம். தனிமை இவ்வளவு பெரிய சத்தத்தில் ஒலிப்பதால்தான், கேட்கும் ஒவ்வொருவரும் அதற்குள் தனக்கும் இடம் இருப்பதாக உணர்கிறார்கள்.

5. "வணிகத் தற்கொலை" என்ற கதை

ஆல்பத்தைச் சுற்றி வளர்ந்த கதைகளில் பிரபலமானது, இசை நிறுவனம் அதைக் கேட்டுவிட்டு முகம் சுளித்த கதை. வேண்டுமென்றே புரியாதபடி எழுதியிருக்கிறீர்கள், இது வணிகத் தற்கொலை என்று நிறுவனத்தார் கருதியதாக ஸ்மித் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தன் தலைசிறந்த படைப்பு என்று தான் எண்ணியதை அவர்கள் குப்பை என்று நினைத்தார்கள் என்பது அவர் சொல்லும் சாரம்.

நடந்ததைப் பார்ப்போம். பிரிட்டனில் ஆல்பம் மூன்றாம் இடம் பிடித்தது, குழு அதுவரை எட்டாத உயரம். அமெரிக்காவில் 12. "லல்லபை" பிரிட்டனில் ஐந்தாம் இடம் வந்தது. டிம் போப் இயக்கிய அதன் காணொளியில் ஸ்மித் படுக்கையில் ஒட்டடை சூழக் கிடப்பார், அவரை விழுங்க வரும் சிலந்தியும் அவரே. அது 1990இல் பிரிட் விருது பெற்றது. மனைவிக்குத் திருமணப் பரிசாக அவர் எழுதிய "லவ்சாங்" அமெரிக்க ஹாட் 100 பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. ஜேனட் ஜாக்சனின் "மிஸ் யூ மச்" முதலிடத்தில் உட்கார்ந்திருந்ததால் அதற்குமேல் போகவில்லை. தற்கொலை என்றால் இப்படியா இருக்கும்?

புறக்கணிக்கப்பட்ட காவியம் என்ற வாதம் இங்கே உடைகிறது. மக்கள் முதல் வாரத்திலேயே ஆல்பத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பின்தங்கியது விமர்சகர் தரப்பு மட்டுமே. விற்காமல் போய்ப் பிறகு மீட்கப்பட்ட ஆல்பங்கள் ராக் வரலாற்றில் நிறைய உண்டு, இது அந்தச் சாதியில் சேராது.

அமெரிக்க வெற்றிக்கு ஒரு நிறுவனக் காரணமும் உண்டு. "பில்போர்டு" இதழ் 1988 செப்டம்பரில்தான் "மாடர்ன் ராக்" பாடல்களுக்கென்று தனிப் பட்டியல் தொடங்கியது. கல்லூரி வானொலிகளில் சுற்றிக்கொண்டிருந்த இசைக்கு அது முதல்முறையாக ஒரு கணக்குப் புத்தகம் திறந்தது. எம்டிவி தொலைக்காட்சியில் அந்த வகை இசைக்கென்று ஞாயிறு பின்னிரவு நிகழ்ச்சி ஒன்றும் அப்போது இருந்தது. "ஃபேசினேஷன் ஸ்ட்ரீட்" புதிய பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆல்டர்நேட்டிவ் என்ற பெயரில் ஒரு சந்தை உருவாகிக்கொண்டிருந்த தருணத்தில், அதற்கான பெரிய சரக்காக வந்து சேர்ந்தது இந்த ஆல்பம்.

6. மதிப்பு புரண்ட விதம்

6.1 கார்ட்டூன் கொடுத்த தீர்ப்பு

1998 பிப்ரவரியில் "சவுத் பார்க்" என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதியில், ராட்சத இயந்திரமாக மாறி ஊரை அழிக்கும் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டை ராபர்ட் ஸ்மித் வந்து வீழ்த்துவார். அவருக்கு அவரே குரல் கொடுத்தார். வேலை முடிந்து அவர் நடந்துபோகும்போது கைல் என்ற சிறுவன் பின்னாலிருந்து, "டிஸின்டெக்ரேஷன்"தான் உலகிலேயே சிறந்த ஆல்பம் என்று கத்துவான்.

வேடிக்கைதான். ஆனால் வரவேற்பு வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. அந்தத் தொடரை உருவாக்கிய ட்ரே பார்க்கர், மாட் ஸ்டோன் இருவருக்கும் ஆல்பம் வந்தபோது இருபது வயதுகூட நிரம்பவில்லை. 1989இல் அறைக்குள் கேட்டவர்கள் 1998இல் தொலைக்காட்சியில் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு அந்தக் கத்தல் சாட்சி. பத்திரிகை விமர்சகர் எவரும் அதுவரை இவ்வளவு தடாலடியாகச் சொன்னதில்லை.

(ஒரு பின்குறிப்பு: 2011இல் அடெல் தன் "21" ஆல்பத்தில் பாடிய "லவ்சாங்" வடிவத்தைத் தயாரிப்பாளர் ரிக் ரூபின் முதலில் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டுக்காகவே யோசித்து வைத்திருந்தார் என்று செய்தி உண்டு. கார்ட்டூனில் தோற்றவர் பழிவாங்கும் வாய்ப்பை நழுவவிட்டிருக்கிறார்.)

6.2 இடையில் நடந்தது

1991இல் நிர்வாணா குழுவின் "நெவர்மைண்ட்" வந்தபின், தன் மனக்காயத்தைப் பாடுவது அமெரிக்க ராக்கின் பொதுமொழி ஆகிவிட்டது. அதே ஆண்டு மை ப்ளடி வேலன்டைன் குழுவின் "லவ்லெஸ்", குரலைக் கிட்டார் இரைச்சலுக்குள் புதைத்துவைப்பதும் ஓர் அழகு என்று விமர்சகர்களை ஒப்பவைத்தது. மந்தமாக, நீளமாக, சொற்கள் சரியாகக் கேட்காதபடி இசைக்கும் குழுக்கள் அதன்பின் வரிசையாக வந்தன. 1989இல் பின்னோக்கிப் பார்ப்பதாகத் தெரிந்த ஆல்பம், அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளிலேயே முன்னோக்கி நிற்பதாகத் தெரிந்தது. ஸ்மித் ஒன்றும் செய்யவில்லை. ஊர்தான் அவர் இருந்த தெருவுக்கு இடம் மாறி வந்தது.

6.3 எண்கள்

"ரோலிங் ஸ்டோன்" 2003இல் வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் இது 326ஆவது இடம் பெற்றது. 2012 பதிப்பிலும் அதே இடம். 2020இல் முந்நூறுக்கும் மேற்பட்ட கலைஞர்களையும் பத்திரிகையாளர்களையும் புதிதாக வாக்களிக்கச் செய்து பட்டியலை அடியோடு மாற்றியபோது அது 116ஆவது இடத்துக்கு ஏறியது. ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை, வாக்காளர் பட்டியல் மாறியது. 2010இல் மூன்று குறுந்தகடுகள் கொண்ட மறுவெளியீடு வந்தபோது "பிட்ச்ஃபோர்க்" இதழ் பத்துக்குப் பத்து கொடுத்தது. மறுவெளியீட்டுக்கு மதிப்புரை எழுதும் பழக்கமே தீர்ப்பைத் திருத்தி எழுதக் கிடைக்கும் வாய்ப்பு என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். முதல் மதிப்புரையாளருக்கு ஒரு வாரம் கிடைத்திருந்தால் அதிகம், மறுவெளியீட்டை எழுதியவர்களுக்கு இருபது ஆண்டுகள் கிடைத்தன.

2019 மார்ச்சில் குழு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டது. அவர்களை அறிமுகம் செய்து பேசியவர் நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர், தன் முதல் ஆல்பத்தை 1989இல் வெளியிட்டவர். இரண்டு மாதம் கழித்து சிட்னி ஓப்ரா ஹவுஸில் இந்த ஆல்பத்தை முழுவதுமாக மேடையில் வாசித்தார்கள். இடையில் திரைப்படங்களும் தம் பங்கைச் செய்திருந்தன. சோஃபியா கொப்போலாவின் "மேரி ஆன்ட்வானெட்" (2006) படத்தில் முடிசூட்டுக் காட்சிக்கு ஒலிப்பது "ப்ளெய்ன்சாங்". 2015இன் "ஆன்ட்மேன்" படத்தில் வில்லன் உன்னைச் சிதைத்துவிடுவேன் என்று கத்த, பக்கத்திலிருக்கும் கைபேசி அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு இந்த ஆல்பத்தை ஒலிக்கவிடும். ஒரு பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அரங்கம் சிரிக்க வேண்டுமானால், அது எல்லோருக்கும் தெரிந்த பெயராகியிருக்க வேண்டும்.

7. எதற்காக அழுகிறார்?

1989இன் மதிப்புரைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவற்றின் அடியில் ஒரு கேள்வி ஓடுவது தெரியும். இவ்வளவு வெற்றி பெற்றவருக்கு, அப்போதுதான் திருமணம் ஆனவருக்கு, என்ன குறை? துயரத்துக்குத் தகுந்த காரணம் இல்லை என்றால் அது நடிப்பு, அல்லது முப்பது வயதிலும் விடாத விடலைத்தனம். தன்னில் தோய்ந்த சோர்வு என்ற அடைமொழியில் இந்தக் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் வகுக்கிறது. பிறரால் இழிவுபடுத்தப்படுவது, உற்றதை இழப்பது, வறுமை ஆகிய மூன்றும் எவருக்கும் எளிதில் விளங்குபவை. இவற்றோடு அசைவு என்று ஒன்றையும் அது சேர்த்திருக்கிறது. முன்பிருந்த நிலை கெட்டு வேறாகிப்போவதால் வரும் வருத்தம் என்று உரை சொல்லும். எதுவும் பறிபோகாமலே, யாரும் இகழாமலே, தான் முன்பிருந்தவன் இல்லை என்று அறிவதும் அழுகைக்குப் போதிய காரணம் என்று அந்த இலக்கணம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வேறொரு நாட்டு இசைக்கு நம் இலக்கணத்தை அளவுகோலாக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. ஆனால் ஸ்மித்தின் துயரம் எந்த வகை என்று கேட்டால் இதைவிடச் சரியான விடை எனக்குத் தெரியவில்லை. காதல் தோல்வியைச் சொல்லும் பாடல்கள் ஆல்பத்தில் உண்டு, ஆனால் அதன் அடிநாதம் வயதேறுவது. "பிக்சர்ஸ் ஆஃப் யூ"வில் பாடுபவரின் கையில் இருப்பவை பழைய புகைப்படங்கள். "லாஸ்ட் டான்ஸ்" பாட்டில் மீண்டும் சந்திக்கும் பெண் பழைய பெண்ணாக இல்லை. மதிப்புரையாளர்கள் இழவைத் தேடினார்கள், கிடைக்காததால் பாசாங்கு என்றார்கள்.

1989இல் பதினாறு வயதில் கேட்டவர், 2010இல் முப்பத்தேழு வயதில் அதே ஆல்பத்துக்கு மதிப்புரை எழுதினால் அந்த வருத்தத்துக்குக் காரணம் கேட்கமாட்டார். அவரிடமே அது கையிருப்பில் இருக்கும்.

8. இன்னும் நிற்கும் குறைகள்

மதிப்பு ஏறியதால் பழைய புகார்கள் எல்லாம் பொய்யாகிவிடவில்லை.

பாடல் வரிகளைத் தாளில் எழுதிப் படித்தால் மெலிந்தவை. ஒரே உருவகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மழை, தண்ணீர், இருள், முத்தம் என்று ஒரு சின்ன அகராதிக்குள்ளேயே ஸ்மித் புழங்குகிறார். அவை வேலை செய்வதற்குக் காரணம், குரல் வருவதற்குள் இசை நம்மைப் போதுமான அளவு கரைத்துவைத்திருப்பதுதான். டிரம்ஸின் மேல் போர்த்திய எதிரொலி எண்பதுகளின் முத்திரை, இன்று கேட்கையில் காலம் துருத்திக்கொண்டு தெரிகிறது. ஒரே மனநிலையில் 72 நிமிடம் என்பது எல்லா நாளுக்கும் ஆகிவருவதில்லை. "ப்ரேயர்ஸ் ஃபார் ரெய்ன்", "தி சேம் டீப் வாட்டர் ஆஸ் யூ" இரண்டும் அடுத்தடுத்து வரும் இடத்தில் கவனம் நழுவும் என்று 1989இல் ஒருவர் புகார் சொல்லியிருந்தால் அவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். முழு மதிப்பெண் கொடுத்த மதிப்புரைகளிடம் எனக்குள்ள குறையும் இதுவே. சலிப்பு இந்த ஆல்பத்தின் ஒரு பகுதி என்பதை அவை சொல்லாமல் தாண்டிவிட்டன. கிறிஸ்ட்காவ் சொன்னார்.

2024 நவம்பரில், பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பின் தி க்யூர் வெளியிட்ட "சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்டு" பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மந்தமான, நீண்ட முன்னிசைகள் கொண்ட, மரணத்தைப் பற்றிய ஆல்பம் அது. இம்முறை விமர்சகர்கள் தயங்கவில்லை. "டிஸின்டெக்ரேஷன்" அருகே வைக்கத்தக்கது என்பதே பலருடைய உச்சபட்சப் பாராட்டாக இருந்தது.

ஆல்பத்தை இதுவரை கேட்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. 12 பாடல்கள் கொண்ட முழு வடிவத்தை எடுங்கள், வரிசையை மாற்றாதீர்கள், உறையில் சொன்னபடி சத்தத்தைக் கூட்டிவையுங்கள். பிரபலமான நாலு பாட்டை மட்டும் பொறுக்கிக் கேட்டுவிட்டு எடை போட்டால், அந்த சி பிளஸ்கூடத் தாராளம் என்றுதான் தோன்றும்.